பெரிய ராங்கி, சின்ன ராங்கி

இது ஒரு விமர்சனமாகத்தான் தொடங்கியது. இரண்டு வேப். ஒன்று பெட்டி மாதிரி, மற்றது பேனை மாதிரி. இரண்டையும் இரண்டு மாதம் பாவித்துப் பார்த்து, எது கைக்கு அடக்கம், எதன் ராங்கி கசியும், எதன் பற்றரி நின்று பிடிக்கும் என்று எழுதித் தருவதாக எங்கட பெடியளிடம் சொல்லியிருந்தேன். போன் விமர்சனம் எழுதின கைக்கு இதென்ன பெரிய வேலையா என்ற நினைப்பு. கொப்பியில் கோடு போட்டு, இரண்டு நிரல் கீறி, பத்துக்கு இத்தனை என்று புள்ளியும் போடத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கொப்பி இப்பவும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரி பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு: மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற ஏ32 வீதியில், விடத்தல்தீவும் பள்ளமடுவும் தாண்டி வருகிற ஊர் இலுப்பைக்கடவை. ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் கடல். வேப் விற்கிற கடை இங்கே இல்லை. இப்படியான சாமான் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பையில்தான் வரும். போன ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வந்த ரொறன்ரோ மச்சானின் பையில் எங்கட வீட்டுக்கும் வந்தது.

நான் படலைக்கு வெளியே நின்று சிகரெட் பற்றவைத்ததை மச்சான் கண்டுவிட்டான். "டேய், இன்னும் இந்தக் குப்பையைத்தான் இழுக்கிறியே? இந்தா, இதைப் பிடி" என்று இரண்டையும் தந்துவிட்டுப் போனான். பெட்டி அவன் பாவித்த பழையது. பேனை புதுசு. பெட்டிக்கு ஊற்ற ஒரு பெரிய போத்தல், பேனைக்கு ஊற்ற மூன்று சின்னப் போத்தல்.

யாழ்ப்பாணத்தில் கெம்பஸ் படித்த முதல் வருசத்தில் பழகின சிகரெட் எனக்கு. படிப்பு முடிந்து, மன்னாரில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வரத் தொடங்கின பிறகும் விடவில்லை. நாளுக்கு எட்டு, சில நாள் பத்து. விடவேணும் என்று மூன்று தரம் வெளிக்கிட்டு மூன்று தரமும் பஸ் ஸ்ராண்டில் தோற்றவன். ஆகவே மச்சான் தந்ததைச் சந்தோசமாக வாங்கினேன். அதை மறைக்கத் தேவையில்லை.

ராங்கி என்ற சொல்

வேப்பில் திரவம் நிற்கிற பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் ராங்க் என்று பேர். எங்கட வாயில் அது ராங்கி. ராங்கி என்றால் அம்மாவுக்கு, வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தட்டில் இருக்கிற கறுத்தத் தண்ணி ராங்கி. அப்பாவின் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லோடு முதலில் வாறது தண்ணி இல்லை, சங்கிலிச் சில்லுச் சத்தம். 2008இல் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. எனக்கும் அதுதான் முதலில் வரும். கட்டுக்கரைக் குளத்தை வெள்ளைக்காரர் 'ஜயன்ற்ஸ் ராங்க்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனதால், ஆங்கிலப் பாடத்தில் குளமும் ராங்கியாகிவிட்டது.

ஆக எங்கட மாவட்டத்தில் ராங்கி என்றால் எப்பவும் பெரிய சாமான். 2 மில்லிலீற்றர் மட்டும் கொள்கிற பேனையின் ராங்கியைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்குக்கு விடுகிற மருந்து அளவு! இதுக்குள்ள என்ன இருக்கப் போகுது என்று நினைத்தேன்.

இரண்டும் உள்ளுக்குள் ஒன்றுதான்

ஒரு பற்றரி. ஒரு கம்பிச் சுருள், அதுதான் கொயில். கொயிலுக்குள் பஞ்சு. பஞ்சு ராங்கியிலிருந்து திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும், விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி. மின் ஓடினால் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும், அதை இழுப்போம். திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சாமான், நிக்கோட்டின். சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் இதை உருவாக்கியபோது அவரே பெரிய புகைகாரர். தகப்பனை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். ஒன்றும் எரியாமல் நிக்கோட்டின் மட்டும் கிடைத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை.

யோசனை பிழையில்லை. சிகரெட்டில் ஆளைக் கொல்கிற தாரும் காபனோரொட்சைட்டும் புகையிலை எரிவதால் வருவது. வேப்பில் எரிவு இல்லை. ஆனால் வருவது வெறும் நீராவியும் இல்லை. நிக்கோட்டின் இருக்கிறது. கொயில் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் போமல்டிகைட்டு மாதிரிச் சாமான்கள் உண்டாகும். கம்பியிலிருந்து உலோகத் துணிக்கைகளும் வரலாம். இதையெல்லாம் நான் பிறகுதான் தேடிப் படித்தேன். அம்மா முதல் நாளே பெட்டியைக் கண்டுவிட்டு "என்ன தம்பி இது?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில், "அது சும்மா ஆவியம்மா. வேது பிடிக்கிற மாதிரி." அந்த நேரம் சின்னவன் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

கொப்பியில் இருந்தது

கைக்கு அடக்கம். பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டி அளவு, பாரம் அதைவிடக் கூட. மேலே கண்ணாடி ராங்கி துருத்திக்கொண்டு நிற்கும். சட்டைப் பைக்குள் போட்டால் பை தொங்கும். பேனை, பிள்ளைகள் புத்தகத்தில் கோடு அடிக்கிற நிறப் பேனை மாதிரி. கைப்பொத்திக்குள் மறையும். பெட்டிக்கு 4, பேனைக்கு 9.

நிரப்புவது. பெட்டியின் ராங்கி 4 மில்லிலீற்றர். மேல் மூடியைத் திருகிக் கழற்றி, ஓரத்து ஓட்டைக்குள் ஊற்ற வேணும். நடு ஓட்டைக்குள் ஊற்றினால் கீழே வழிந்து கை முழுக்கப் பிசுபிசுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருக்கா அடியைத் திருகிக் கொயில் மாற்ற வேணும். மாற்றின உடனே இழுத்தால் பஞ்சு நனைந்திருக்காது, கருகின சுவை வாய்க்குள் ஒரு நாள் நிற்கும். பேனையின் ராங்கி காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கு, ரப்பர் மூடியைத் தூக்கு, ஊற்று, திரும்ப வை. ஒரு நிமிசம் வேண்டாம். பெட்டிக்கு 3, பேனைக்கு 9.

பற்றரி. பெட்டிக்குள் 18650 என்கிற உருளைப் பற்றரி. 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம், அதுதான் அந்த இலக்கத்தின் கதை. அப்பா விடியப்புறம் நண்டு வலை இழுக்கப் போகும்போது நெற்றியில் கட்டுகிற லைற்றுக்குள்ளும் இதே பற்றரிதான். கழற்றலாம், மாற்றலாம். பேனையின் பற்றரி உள்ளேயே ஒட்டினது. போனுக்குப் போடுகிற அதே வயரில் சார்ஜ் ஏறும். இரண்டுக்கும் 7.

இழுவை. பெட்டியின் கொயில் 0.4 ஓம், பேனையினது 1 ஓம். (இது "ஓம், வாறன்" என்கிற ஓம் இல்லை, மின்தடையின் அலகு.) தடை குறைந்தால் மின் கூட ஓடும், சூடு கூடும், ஆவி கூடும். பெட்டியில் பொத்தானை அமத்தி இழுத்துவிட்டால் அடுப்பில் பச்சை விறகு வைத்த மாதிரி வெள்ளையாகக் கிளம்பும். சோளகக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று விட்டேன் என்றால் பக்கத்து வளவு வரைக்கும் மாம்பழ வாசம். சந்திக்கடையில் இருந்த ஐயா ஒருத்தர் "தம்பி, ரெயில் எத்தின மணிக்கு?" என்று கேட்டார். பேனையில் பொத்தான் இல்லை. இழுத்தாலே வேலை செய்யும். ஆவி கொஞ்சம், மணம் இல்லை என்றே சொல்லலாம். பஸ்ஸில் பின் சீற்றில் இருந்து இழுத்தேன், முன்னுக்கு இருந்தவர் திரும்பவில்லை. வேலை செய்கிற இடத்தில் கழிவறைக்குள். இரவில் போர்வைக்குள். பெட்டிக்கு 3, பேனைக்கு 10.

கசிவு. பெட்டி, சரித்து வைத்தால் கசியும். வெயிலில் திரவம் இளகும், இன்னும் கூடக் கசியும். எப்படியும் கையில் படும், ஆகவே கசிந்தது தெரியும். பேனையைப் பற்றிக் கொப்பியில் நான் எழுதினது இது: "பேனை வெளியில் கசியவில்லை. ஆனால் இரவில் வைத்த அளவு காலையில் இருப்பதில்லை. ராங்கி எங்கேயோ மெதுவாகக் கசிகிறது. 5."

ஒரு சின்னக் கணக்கு

இரண்டாம் மாதம் பெட்டியைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். சிகரெட்டை அதற்கு முதலே விட்டாயிற்று. ஒரு மாதம் ஒரு சிகரெட் கூட இல்லை. அது உண்மை, அதற்கு இந்தக் கருவிகளுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். இங்கிலாந்தில் பொதுச் சுகாதார சேவையே புகைப்பவர்களிடம் சிகரெட்டை விட வேப்புக்கு மாறலாம் என்று சொல்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற கொக்ரேன் குழுவும், நிக்கோட்டின் பசையையும் ஒட்டுப் பட்டையையும் விட இதில் கூடப் பேர் சிகரெட்டை விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பேனையை வீட்டில் மறந்துவிட்டேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கியது. எட்டுச் சிகரெட் பிடித்த காலத்தில் கூட எனக்கு அப்படி வந்ததில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போத்தல்களின் முதுகில் இருந்ததை வாசித்தேன்.

பெட்டிக்கு ஊற்றுகிற திரவத்தில் மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின். 4 மில்லிலீற்றர் ராங்கி நிறைய ஊற்றினால் 12 மில்லிகிராம். பேனைக்கு ஊற்றுவதில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். 2 மில்லிலீற்றர் ராங்கிக்குள் 40 மில்லிகிராம். அரைவாசி அளவு ராங்கி, உள்ளே மூன்று மடங்குக்கு மேல். அந்த 20 கூடக் கனடா 2021இல் வைத்த உச்ச வரம்பு. அதற்கு மேல் அங்கே விற்க ஏலாது. நான் பேனையின் ராங்கியை நாளுக்கு ஒன்று முடித்துக்கொண்டிருந்தேன். ராங்கியில் உள்ள எல்லாம் உடம்பில் சேராதுதான். ஆனாலும் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குப் போவது 1 அல்லது 2 மில்லிகிராம் என்று வாசித்தபோது, நான் சிகரெட்டை விட்டேனா, இடம் மாற்றினேனா என்ற கேள்வி வந்தது.

அடுத்த கேள்வி, இவ்வளவு நிக்கோட்டின் தொண்டையை ஏன் எரிக்கவில்லை?

இதற்கு விடை எங்கட வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அப்பப்பா யாழ்ப்பாணச் சுருட்டுக்காரர். அந்தப் புகையை அவர் சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இறக்கமாட்டார். வாய்க்குள் வைத்திருந்து விடுவார். சுருட்டுப் புகை காரத்தன்மை கூடினது. நெஞ்சுக்குள் இழுத்தால் அடித்துத் துரத்தும். நிக்கோட்டின் வாய்த் தோலாலேயே ஏறிவிடும். சிகரெட்டுக்கு வேறு விதமாகப் பதப்படுத்தின இலை. அதன் புகை அமிலப் பக்கம், தொண்டைக்கு இதம். இதமாக இருப்பதால் ஆழமாக இழுக்கலாம், ஆழமாக இழுத்தால் மூளைக்குக் கெதியாகப் போகும். வேப்பிலும் அதே வேலையைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். பழைய திரவத்தில் நிக்கோட்டினைக் கூட்டினால் தொண்டை எரியும், ஆகவே 3, 6 என்று குறைத்துத்தான் ஊற்றினார்கள். பென்சோயிக் அமிலம் மாதிரி ஒரு அமிலத்தைச் சேர்த்து நிக்கோட்டினை உப்பாக்கிவிட்டால் எரிவு போய்விடும், எவ்வளவும் கூட்டலாம். 2015இல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி இந்த உப்போடு சந்தைக்கு வந்தது. 0.7 மில்லிலீற்றர்தான் அதன் கொள்ளளவு. நாலு வருசத்துக்குள், 2018 மார்கழியில், அந்த நாட்டு அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளிடையே வேப் கொள்ளைநோய் மாதிரிப் பரவிவிட்டது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

அப்பப்பா பிற்காலத்தில் வாய்ப் புண்ணோடு கஷ்டப்பட்டுத்தான் போனார். சுருட்டு நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று அந்த மணத்தை வைத்தே சொல்லலாம். அவருடைய சுருட்டைத் திருடிப் பிடிக்க நான் எட்டு வயதில் ஒருக்கா முயற்சி செய்தேன். ஒரே இழுவையில் இருமி, கண்ணால் தண்ணி வழிந்து, வாய் மணத்தை வைத்தே அம்மாவிடம் பிடிபட்டு, பூவரசங் கம்பால் வாங்கினேன். பிறகு கெம்பஸ் போகும்வரை தொடவில்லை.

கசிவுச் சோதனை

விமர்சனம் முடிய வேணும். பேனை எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை இரவு ராங்கியில் திரவம் நின்ற மட்டத்துக்கு நேரே, வெளிப்பக்கம், நீலப் பேனையால் ஒரு கோடு போட்டேன். வெள்ளை ரிசு ஒன்றை நாலாக மடித்து மேசையில் வைத்து, அதன் மேல் பேனையை நிமிர்த்தி வைத்தேன். கசிந்தால் ரிசுவில் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தெரியும். படுத்துவிட்டேன்.

காலையில் திரவம் கோட்டுக்குக் கீழே நின்றது. ஒரு நெல்லு நீளம் இறங்கியிருக்கும். ரிசு காய்ந்து மொறுமொறு என்று இருந்தது.

நான் ரிசுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். மணந்தும் பார்த்தேன். பிறகு பக்கத்துப் பாயைப் பார்த்தேன்.

தம்பிக்குப் பதினைந்து வயது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, 2010இல் பிறந்தவன். அவனுக்கு ஓ.எல். வருசம். கொஞ்ச நாளாக அவன் காலையில் சாப்பிடுவதில்லை. இரண்டு தரம் பள்ளிக்கூடம் போக முதல் சத்தி. தலை சுத்துது என்பான். அம்மா, படிப்புப் பயமும் பித்தமும் என்று முடிவு பண்ணி மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. நிக்கோட்டின் கூடினால் வாறது அதே குமட்டலும் அதே தலைச்சுற்றும்தான். ஒரே அறையில் படுக்கிற எனக்கு அது தெரியவில்லை. ராங்கி கசிகிறது என்று புள்ளி வெட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவனைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அடிக்கிற யோசனையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"எத்தின நாளா?"

"புரட்டாதி துவக்கத்தில இருந்து. நீங்க நித்திரையானாப் பிறகு."

"பெட்டியும் அங்கதானே கிடக்கு. ஏன் அதை எடுக்கேல்ல?"

"எடுத்தனான் அண்ணா. ஒருக்கா. அது இருமும். மணக்கும். அம்மா எழும்பிடுவா." கொஞ்சம் பொறுத்து, "இது ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் செய்யாது எண்டு ஆர் சொன்னது?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதானே அண்ணா அம்மாட்டச் சொன்னீங்க. சும்மா ஆவி எண்டு."

அதற்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. வாடைக் காற்று தொடங்குகிற காலம், அலை கொஞ்சம் எழும்பியிருந்தது. இரண்டு பேரும் கனநேரம் கதைக்காமல் நின்றோம்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். கைக்குள் மறையும், 9. மணம் இல்லை, 10. நிரப்புவது சுகம், 9. நான் பேனைக்குக் கொடுத்த புள்ளி எல்லாம், பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஒருத்தருக்கும் தெரியாமல் பழகுவதற்குக் கிடைத்த வசதி. பெட்டியில் நான் வெட்டின புள்ளி எல்லாம் ஒவ்வொரு தடை. இருமல் ஒரு தடை, மணம் ஒரு தடை. அப்பப்பாவின் சுருட்டு எட்டு வயதில் என்னைத் துரத்தினது அப்படித்தான்.

சட்டம் எங்கே நின்றது

எங்கட நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க ஏலாது. அதன் கீழ் 2016 புரட்டாதியில் வந்த ஒழுங்குவிதி, புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டைத் தயாரிக்கவும் இறக்கவும் விற்கவும் தடை போட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்திலும் இதே கதைதான். இந்தியா 2019இல் தனிச் சட்டமே போட்டு வேப்பை முழுக்க நிறுத்தியது.

இந்தச் சட்டம் எல்லாம் கடைக்கும் துறைமுகத்துக்கும் காவல். மச்சானின் பைக்கும் என்ர மேசைக்கும் காவல் நிற்க வேண்டியவன் நான். மச்சானைக் குறை சொல்லவில்லை. அவன் ஒரு புகைகாரனுக்கு உதவி செய்தான், அந்த உதவி வேலையும் செய்தது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேப் கெடுதி குறைந்தது என்று சொல்கிறார்கள். அது புகைக்கிறவனுக்குப் பொருந்தும். தம்பி சிகரெட் பிடித்ததே இல்லை. அவனுக்கு எதோடு ஒப்பிட்டு இது குறைந்தது? சுத்தக் காற்றோடா? மூளை இருபத்தைந்து வயது மட்டும் வளர்கிறது, நிக்கோட்டின் அதற்குள் புகுந்தால் கவனமும் படிப்பும் குழம்பும், பழக்கம் ஆழமாகப் பிடிக்கும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். எங்கட வீட்டில் முதல் ஓ.எல். தாண்டினவன் நான். இரண்டாவது ஆளின் தலைக்குள் இதைக் கொண்டுவந்து வைத்ததும் நான்.

பிறகு

அன்றிரவே அம்மாவுக்குச் சொன்னேன். தம்பி செய்ததை இல்லை, நான் செய்ததை முதலில். அம்மா கத்தவில்லை. "வேது பிடிக்கிற மாதிரி எண்டு சொன்னாய் என்ன" என்று மட்டும் கேட்டுவிட்டு மல்லித் தண்ணிப் பாத்திரத்தைக் கழுவப் போனா. கத்தியிருக்கலாம்.

தம்பியை விடச் சொல்லிவிட்டு நான் இழுக்க ஏலாது. இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்தினோம். முதல் கிழமை வீடு வீடாக இருக்கவில்லை. அவன் கொப்பியை எறிந்தான், நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினேன். இரவில் இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை. முந்தி அவன் நான் நித்திரையாகும்வரை காத்திருப்பான். இப்ப இரண்டு பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு கதைத்தோம். பள்ளிக்கூடத்தில் வேறு யாரிடமும் இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். "ஒரு பெடியனிட்ட இருக்கு. பேர் சொல்லமாட்டன்" என்றான். நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பின்னேரங்களில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஏ32இல் ஓடினோம். பத்தொன்பதாம் நாள் மன்னார் பஸ் ஸ்ராண்டில் நான் ஒரு தனிச் சிகரெட் வாங்கிப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கு ஒண்டில இருந்து திரும்ப எண்ண வேணும்" என்றான். எண்ணுகிறேன். இன்றைக்கு எனக்கு 22, அவனுக்கு 41. காலையில் இடியப்பம் கூடக் கேட்கிறான்.

பேனையின் பற்றரியை முழுதாக இறக்கி, பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு அம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறோம். எங்கட ஊரில் குப்பையை வளவுக்குள்தான் எரிப்பது. லித்தியம் பற்றரியை நெருப்பில் போட்டால் வெடிக்கும், கடலில் எறிந்தால் அது வேறு பாவம். கொழும்புக்கு யாரும் போனால் மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட வேணும். பெட்டியின் கண்ணாடி ராங்கியை உடைத்தாயிற்று. அதன் 18650ஐ அப்பா எடுத்து, தன் நெற்றி லைற்றுக்குள் போட்டுப் பார்த்தார். "நல்ல பற்றரி. இவ்வளவு நாளும் இதை என்ன செய்தனீ?" என்றார். விடியப்புறம் நண்டு வலைக்கு அதோடுதான் போகிறார்.

இனி அந்தத் திருத்தம். கொப்பியில் "யாருக்கு ஏற்றது" என்ற வரியை முதலிலிருந்தே வெறுமையாக விட்டிருந்தேன். அதை இப்பவும் நிரப்பவில்லை. ஏற்கெனவே புகைக்கிற, விட முடியாமல் தவிக்கிற ஆள் என்றால் என் கொப்பியை வாசிக்காமல் ஒரு வைத்தியரிடம் போய்க் கதையுங்கள். புகைக்காத ஆள் என்றால் இரண்டிலும் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் தம்பி, தங்கச்சி இருக்கிற ஆள் என்றால் மேசையில் எதை வைக்கிறீர்கள், அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று பாருங்கள்.

பிழையாக எழுதின வரி ஐந்தாவது வரி. "ராங்கி எங்கேயோ மெதுவாகக் கசிகிறது" என்று எழுதிப் பத்துக்கு 5 போட்டிருந்தேன். அதை வெட்டிவிட்டேன். பேனை கசியவில்லை.